மன்னிப்பு கிடைத்த பிறகும் கடன் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி அருகே மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். கழிவு என்று சொல்லிப் பல ஆண்டுகள் விவசாயிகளின் எடையில் கை வைத்தேன். பிறகு மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றேன். தேவன் மன்னித்தார் என்றே நம்புகிறேன். ஆனால் காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் இப்போது எனக்குச் சரக்குப் போடுவதில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பழைய எடை நோட்டுகளைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. மன்னிப்பு உண்மையென்றால் தண்டனை ஏன் தொடர்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் நோயை முதலில் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்றார் இயேசு. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லவைத்த தாவீது ராஜாவின் குழந்தை இறந்ததே என்று கேட்பீர்கள். அங்கே அது அந்தப் பாவத்தால்தான் என்று நாத்தான் தீர்க்கதரிசி நேரில் வந்து சொன்னார். உங்கள் வீட்டுக்கு எந்த நாத்தானும் வரவில்லை. டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரிடம் “என் பாவத்தால்தான் உனக்கு இப்படி” என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் பாரம் ஏற்கெனவே பெரிது.

விவசாயிகள் வராதது வேறு விஷயம். அதைத் தேவகோபம் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்தவன் மறுபடி வரமாட்டான், அவ்வளவுதான். தாவீது பாவத்தை ஒத்துக்கொண்ட அதே மூச்சில், “நீர் சாகாதபடிக்கு, கர்த்தர் உம்முடைய பாவம் நீங்கச்செய்தார்” என்று நாத்தானிடமிருந்து பதில் வந்தது. ஆனால் கொல்லப்பட்ட உரியா எழுந்து வரவில்லை. தேவனோடு உறவு சரியாவது ஒரு நொடியில் நடக்கும். நாம் கெடுத்துவைத்தது கெட்டபடியே கிடக்கிறது, அதை நாம்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் அந்த நோட்டுகள்தான். அவை இன்னும் உங்களிடம் இருக்கின்றன! யார் பெங்களூரா மாங்காயில் எத்தனை கிலோ பிடித்தீர்கள் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

சகேயுவை எண்ணிப்பாருங்கள். வரி வசூலிப்பவனான அவனும் ஊரை ஏய்த்துப் பணம் சேர்த்தவன். அவன் ஒரு காசு திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே, “உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்றார் இயேசு. கிருபை முதலில் வந்தது. அதன் பிறகே நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாக அவன் சொன்னான். அநியாயமாய் எடுத்ததற்கு முதலும் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும் என்று வேதாகமத்தின் சட்டநூலான லேவியராகமம் சொல்கிறது. அவனோ ஆடு திருடியவனுக்குரிய நான்கு மடங்கைத் தானாகவே ஏற்றுக்கொண்டான். மன்னிப்பை விலைக்கு வாங்க அவன் கொடுக்கவில்லை. கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் கொடுத்தான். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழி வியாபாரிகளான நமக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. (என் தாத்தாவும் மண்டிக்காரர்.)

ஆகவே நோட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். முதலும் ஐந்தில் ஒரு பங்கும் என்றே தொடங்கலாம். மருத்துவச் செலவு இருப்பதால் தவணையாகக் கொடுங்கள், அதில் குறையில்லை. இறந்தவர்களின் பங்கு பிள்ளைகளுக்குச் சேரட்டும். ஆள் அனுப்பாமல் நீங்களே தோட்டத்துக்குப் போய், என்ன செய்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சிலர் திட்டுவார்கள், நின்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்குச் சரக்கு அனுப்புவீர்களா என்று மட்டும் அன்றைக்குக் கேட்காதீர்கள்.