அம்மாவின் மறதியும் 30க்கு 15 புள்ளியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, பாடசாலைக்குப் போனதில்லை, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மறதிக்காக கிளினிக்கில் காட்டியபோது திகதி கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, 30க்கு 15 புள்ளி போட்டார்கள். இது மறதிநோய்தானா?
– வாசகி, ஹட்டன்

பதில்: அந்தப் புள்ளியை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது, சகோதரி. 1975இல் வெளிவந்த எம்.எம்.எஸ்.இ. (ஞாபகம், கவனம் போன்றவற்றைச் சில கேள்விகளால் பார்க்கும் சோதனை) போன்ற இத்தகைய சிறு சோதனைகள் மேலதிகப் பரிசோதனை தேவையா என்று அறிய மட்டுமே உதவுகின்றன. பென்சில் பிடித்துப் பழகாத கை கடிகாரத்தைக் கோணலாக வரைந்தால், அது படிப்பு கிடைக்காததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

முழுமையான நரம்பியல் உளவியல் மதிப்பீட்டில் ஞாபகம், கவனம், மொழி, திட்டமிடும் ஆற்றல் ஆகியவை சில மணி நேரம் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு, அதே வயதும் கல்வியும் உடையவர்களின் அளவோடு ஒப்பிடப்படுகின்றன. அதைத் தமிழிலேயே செய்யும்படி கேளுங்கள். சிங்களத்தில் கேட்டுத் தடுமாறிய பதிலை மறதியாக எண்ணுவது பெரும் அநீதி.

அதற்கு முன் தைராய்டு, விட்டமின் பி12 இரத்தப் பரிசோதனைகளோடு காது, கண், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றாலும் மறதி வரும், பலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. பறித்த கொழுந்தின் கிலோ கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர் இன்று கடையில் மீதிக்காசை எண்ணத் திணறுகிறாரா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, எப்போதிலிருந்து என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.