தோற்கும் பேஸ்பால் அணி: பழி யார் தலையில்?

கேள்வி: 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டத்தில் 121-ஐத் தோற்றது. மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை ஆகஸ்டில் தூக்கினார்கள். தப்பு அவருடையதா, ஆட்களுடையதா?

பதில்: பெரும்பாலும் ஆட்களுடையது. கிரிக்கெட்டில் மேனேஜர் ஓட்டல், பஸ் பார்ப்பவர். பேஸ்பாலில் அவர்தான் ஆட்டத்தை நடத்துபவர். ஆனால் ஆள் எடுப்பது ஜெனரல் மேனேஜர்.

ரன்களைப் பார்த்தால் ஒரு அணிக்கு எத்தனை வெற்றி வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். எடுத்த ரன்னின் வர்க்கம் ஒன்று, கொடுத்த ரன்னின் வர்க்கம் ஒன்று. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 162-ஆல் பெருக்குங்கள். ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, கொடுத்தது 813. விடை சுமார் 45 வெற்றி, கிடைத்தது 41. குறைந்த நான்கில்தான் மேனேஜரைக் குடையலாம், அதிலும் பாதி அதிர்ஷ்டம். கிரிஃபோல் காலத்தில் 28 வெற்றி, 89 தோல்வி (28-89); அவர் போனபின் 13-32. மேனேஜர் மாறியும் குழி அதேதான்.

மேனேஜர் கெடுக்கும் இடம் வேறு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை (பந்து வீசுபவர்) பேட்டர்கள் மூன்றாம் சுற்று சந்திக்கும்போது அவர் பந்து பழகிப்போயிருக்கும். அப்போதும் மாற்றாமல் விட்டால் அடி விழும். நல்ல ரிலீவரை (பிட்சருக்குப் பதிலாக நடுவில் வருபவர்) கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைத்து ஏழாவதில் ஆட்டத்தைக் கோட்டைவிடுவதும் உண்டு.

எதிர் உதாரணம் 2022 பிலடெல்பியா பில்லீஸ். 22-29-ல் ஜோ ஜிரார்டியை நீக்கி ராப் தாம்சனை அமர்த்தினார்கள். நட்சத்திர பேட்டர் பிரைஸ் ஹார்ப்பர் கட்டைவிரல் உடைந்து இரண்டு மாதம் உட்கார்ந்தும் 65-46. வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர் வரை போனார்கள். அங்கே நல்ல ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.