போபோஸில் ஒரு கணித ஆசிரியையின் பெயர்

கேள்வி: அம்மா, செவ்வாயின் நிலாவான போபோஸை மங்கள்யான் எடுத்த படத்தை எங்கள் ஆசிரியர் காட்டினார். அதில் தெரிந்த ஸ்டிக்னி பள்ளம், நிலாவைக் கண்டுபிடித்தவருடைய மனைவியின் பெயராம். மனைவி என்பதற்காகவா பெயர் வைத்தார்கள்? அவ்வளவு பெரிய அடி விழுந்தும் அந்த நிலா ஏன் உடையவில்லை?
– பிளஸ் ஒன் மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அடியின் அளவைப் பார்த்துவிடுவோம் அம்மா. போபோஸின் சராசரி விட்டம் சுமார் 22 கிலோமீட்டர். நான் இருக்கும் புதுச்சேரியில் தொடங்கினால் உங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் நிலாவே முடிந்துவிடும். அதில் ஸ்டிக்னி மட்டும் 9 கிலோமீட்டர். தவளக்குப்பத்தைத் தாண்டும்வரை பள்ளம்தான்!

உடையாததற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. போபோஸின் அடர்த்தி தண்ணீரைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. கெட்டியான பாறைக்கு இது மிகக் குறைவு. உள்ளே ஏராளமான வெற்றிடம் இருந்தால்தான் இப்படி அமையும். விண்கல் மோதிய வேகத்தின் பெரும்பகுதி அந்த வெற்றிடங்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும். அதிர்ச்சி மறுகோடிவரை முழு வலுவோடு போகவில்லை. ஆனால் செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து அதற்குத் தப்பில்லை. நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர் வீதம் போபோஸ் செவ்வாயை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சில கோடி ஆண்டுகளில் அந்த ஈர்ப்பே அதைச் சிதறடித்துவிடும் என்று கணிக்கிறார்கள்.

இனி அந்தப் பெயர். "மனைவி" என்ற ஒரே சொல்லில் அவரை அடக்குவது எனக்குப் பொறுக்காது. ஏஞ்சலின் ஸ்டிக்னி கணிதம் படித்தவர். நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு கல்லூரியில் கற்பித்தவர். போபோஸைக் கண்டுபிடித்த ஆசப் ஹால் அங்கே அவருடைய மாணவர்! 1856இல் மணந்துகொண்டார்கள். கணவரின் வானியல் கணக்குகளைப் போட்டுக் கொடுத்த ஏஞ்சலின், அந்த வேலைக்கு ஓர் ஆணுக்குத் தரும் கூலியைக் கேட்டார். ஹால் மறுத்தார். அதோடு ஏஞ்சலின் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படிக் கேட்ட பெண்ணை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1877 ஆகஸ்டில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தின் 26 அங்குலத் தொலைநோக்கியில் ஹால் செவ்வாய்க்கு நிலா தேடினார். ஒன்றும் அகப்படவில்லை, கைவிட நினைத்தார். தொடர்ந்து தேடும்படி ஊக்கியவர் ஏஞ்சலின்தான். அவர் இல்லையென்றால் தேடலை விட்டிருப்பேன் என்று ஹாலே பின்னர் எழுதினார். சில நாட்களுக்குள் செவ்வாயின் இன்னொரு நிலாவான டீமோஸ் கிடைத்தது, அடுத்து போபோஸ். 1971இல் மரைனர் 9 விண்கலம் அனுப்பிய போபோஸ் படங்களில் பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. 1973இல் மிகப் பெரியதற்கு ஸ்டிக்னி என்று பெயரிட்டார்கள். திருமணத்துக்கு முன்பு அவருக்கே உரியதாக இருந்த பெயர் அது என்பதைக் கவனி.

ஹாலின் பெயரிலும் போபோஸில் ஒரு பள்ளம் உண்டு. அது ஸ்டிக்னியைவிடச் சிறியது.