பழங்குடிப் பள்ளிகளும் பரிமாற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் மாவோரிப் பழங்குடி மாணவர்களும் ஹவாய்மொழிப் பள்ளி மாணவர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்த் தங்கி வருகிறார்களாமே. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் தனக்கும் அப்படி ஆசை என்கிறாள். செல்ஃபி எடுப்பதைத் தவிர இதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

செல்ஃபியும் எடுப்பார்கள், விடுங்கள். இந்தப் போக்குவரத்தைப் பெரியவர்கள்தான் முதலில் தொடங்கினார்கள். ஹவாயில் 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பாடமொழி ஆக்கியது, அடுத்த இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டிலும் மொழி போய்விட்டது. நியூசிலாந்தில் 1982இல் பாட்டி தாத்தாக்களோடு முழுக்க மாவோரி மொழியிலேயே நடக்கும் கோஹாங்கா ரெயோ பாலர் பள்ளிகள் வந்தன, அதைப் பார்த்து ஹவாய்க்காரர்கள் 1984இல் கவாயித் தீவில் பூனானா லெயோ என்ற ஹவாய்மொழிப் பாலர் பள்ளியை ஆரம்பித்தார்கள். இப்போது பிள்ளைகள் போய் வருவது அதன் தொடர்ச்சி.

பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் மொழி என்பது ஆசிரியரும் பாட்டியும் பேசுகிற மொழி. சண்டை, கிண்டல், ரகசியம் எல்லாம் ஆங்கிலத்தில். தன் வயதுக்காரன் ஒருவன் வேறொரு தீவில் தன் சின்ன மொழியில் கணக்குப் போடுகிறான், கூடைப்பந்து மைதானத்தில் அதிலேயே கத்துகிறான் என்று நேரில் பார்க்கும்போது, நாம் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டோம் என்ற நினைப்பு கழன்றுவிடும், எனக்கு இதுதான் பெரிய பலன். அப்புறம், அவன் திரும்ப இங்கே வந்து தங்கும்போது நம் பிள்ளை வீட்டுக்காரனாக இருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கும். ஒருவழிப் பயணத்தில் அது நடக்காது.

அதனால்தான் நம் பிள்ளைகளைச் சென்னைக்கு மட்டும் அழைத்துப் போவதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அங்கே இவர்கள் விருந்தாளிகள், பேசினால் பாதிப் பேர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். இங்கே 2020 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் 30 விழுக்காடுகூட இல்லை. கடற்பாலத்தைத் தாண்டினால், மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும், அதனால் உங்கள் மகளுக்கு ஏற்ற தோழி, தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் பெண்தான். மகளின் தமிழாசிரியரிடம் பேசிப் பாருங்கள். அதற்கு முன், மலேசியாவின் ஜொகூர்ப் பெண் ஒருத்தி ஒரு வாரம் உங்கள் வீட்டில் தங்கச் சம்மதமா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.