மினி டிராக்டரில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி புதுசு, லைட்டும் நன்றாக எரிகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

மோட்டாரில் கை வைக்கும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் ஓட்டும் வண்டிகளில் இந்தப் பிரச்சினை வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் ஒயரைத்தான், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கும் ஒயரை.

ஒற்றை ‘டக்’ வருகிறது என்றால் சாவியிலிருந்து சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது. அதனால் ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். சத்தமே இல்லாதபோதுதான் அந்த வேலை. ‘டகடக’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ்.

லைட் எரிவதை நம்பாதீர்கள். ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கில் இழுக்கும். எர்த் போல்ட்டில் துரு ஏறி 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியரில் 0.05 வோல்ட்தான் போகும், லைட்டில் தெரியவே தெரியாது. 200 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 2 வோல்ட் போய்விடும். ரோட்டவேட்டர் அதிர்வில் போல்ட் தளர்வதும், ஜூன் மழையில் அங்கே பச்சை பூப்பதும் இங்கே சாதாரணம். புது பெயிண்ட் மேலேயே எர்த்தை முடுக்கிவிடுகிறவர்களும் உண்டு!

சரி, சோதனைக்கு வருவோம். கியரும் பிடிஓவும் (ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு) நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் நாப்பை இழுத்து வையுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரியை சார்ஜ் போட்டுப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியும் ‘புதுசு’தான்.

12ஐ விட்டு அவ்வளவாக இறங்கவில்லையா? அப்போது கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. மீட்டர் ஒயரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் ஈய முனையிலும் (கிளாம்ப்பில் இல்லை), இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். அடுத்து பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரின் போல்ட்டுக்கும் இடையே அதே சோதனை. இரண்டும் சரியாக இருந்தால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களுக்கு நடுவே பாருங்கள். ‘டக்’ அடித்த பிறகும் 12 வோல்ட் நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் சொலினாய்டை மட்டும் மாற்றலாம். இதிலும் தப்பித்தால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

திருப்புளியை வைத்து சொலினாய்டை ஷார்ட் பண்ணி எடுக்கும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். செய்யவே செய்யாதீர்கள். நியூட்ரல் சுவிட்ச் அங்கே காவலுக்கு இல்லை. கியரில் கிடந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

எர்த் ஒயரை மாற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். புது ஒயர் பழையதை விட மெல்லியதாக இருக்கக் கூடாது. பொள்ளாச்சி போனால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பழைய ஒயரைக் காட்டி, அதே நீளத்துக்கு, முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.