பார்க்கத் தரங்கம்பாடி, குடியிருக்கப் பொறையார்

கேள்வி: கூட்டம் நெரியாத, வரலாறு உள்ள சின்ன ஊர் ஒன்று சொல்லுங்கள். போய்ப் பார்க்கவும் வேண்டும், பிடித்திருந்தால் அங்கேயே குடியேறவும் வேண்டும்.

தரங்கம்பாடி. ஆனால் நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பார்ப்பதற்கு அந்த ஊர். குடியிருப்பதற்கு, அதன் நுழைவாசலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பொறையார். உள்ளே ஒன்றரை வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, அப்புறம் வெளியே வீடு மாறியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஊருக்குள் போகும் வாசலே ஓர் அழகு. 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது, வெள்ளை வெளேரென்று நிற்கும். அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடலில் போய் முடிகிறது. நிதானமாக நடந்தாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வழியில் 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், தூண் வைத்த வராந்தாக்கள். கடைசியில் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பியது அது. நாயக்கர் அந்த வருஷம் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டைக்குள் அருங்காட்சியகம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

எனக்கு அந்தக் கோட்டையைவிட அதில் அடைபட்ட ஒருவர்மேல்தான் ஈர்ப்பு. சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார். டென்மார்க் அரசரே அனுப்பி 1706 ஜூலையில் வந்து இறங்கியவர். இரண்டே வருஷத்தில் அதே அரசரின் கோட்டைத் தளபதியோடு மோதல் வந்து, நான்கு மாதம் அங்கேயே சிறையில் கிடந்தார். வெளியே வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தது 1715-இல். காகிதத்துக்காகப் பொறையாரில் ஒரு பட்டறையே போட்டார்கள். கடுதாசிப் பட்டறை என்ற பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது. 36 வயதில் இறந்துபோன அவருடைய கல்லறை புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் இருக்கிறது. மெதுவாகப் பேசினாலே எதிரொலிக்கும் இடம். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கோட்டைக்கு வடக்கே, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 1306-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. அலை பாடுவதால் தரங்கம்பாடி என்று கேட்க நன்றாக இருக்கும் விளக்கமெல்லாம் பின்னால் வந்தது போலிருக்கிறது. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். கடற்காற்றில் ஓசோன் அதிகம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். காற்று நன்றாக இருக்கும், அது போதும்.

சரி, இவ்வளவு அழகான ஊரில் ஏன் குடியிருக்கக் கூடாது? ஊர் எப்படி இவ்வளவு பழசாகவே தங்கியது என்று யோசித்தால் விஷயம் புரியும். 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்தார். 1861-இல் ரயில் வந்தது நாகப்பட்டினத்துக்கு. கப்பலும் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. இடித்துப் புதுசு கட்டக் காசுள்ளவர் யாரும் உள்ளே மிச்சமில்லை. பிழைப்பு போனதால்தான் தெரு பிழைத்தது. மயிலாடுதுறையிலிருந்து பின்னாளில் வந்த மீட்டர்கேஜ் ரயிலும் 1980-களில் நின்றுபோனது.

அதனால் இன்றைக்கும் உள்ளே கடைகண்ணி குறைவு. மருந்து, காய்கறி, வங்கி, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தோசை, எதுவானாலும் பொறையார்தான். விற்பனைக்கு வீடும் சுலபத்தில் கிடைக்காது. ராஜ வீதியில் பல கட்டடங்கள் திருச்சபைக்கும் பள்ளிகளுக்கும் சொந்தம். மீதியில் பங்காளிகள் நாலு ஊரில் சிதறியிருப்பார்கள். வாங்குவதானால் வில்லங்கச் சான்றோடு வாரிசுச் சான்றையும் கேளுங்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு இருப்பதால், இஷ்டத்துக்கு மாடி எழுப்ப முடியாது.

அடுத்து உப்பு. நான் இருந்த வீடு சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. கோடையில் மின்விசிறியே வேண்டாம். எனக்கு முன்னால் ஒரு மேஸ்திரி கடல் பக்கத்துச் சுவருக்கு மட்டும் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி முடிவதற்குள் சுவர் அப்பளம் மாதிரி பொரிந்து, கை வைத்தால் உதிர்ந்தது. சைக்கிள், கேட், ஃபிரிட்ஜின் அடிப்பாகம் எல்லாம் துரு. பழைய வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டி, எங்கே சிமென்ட் என்று முதலில் கேளுங்கள். கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், வெறும் கண்ணுக்கு உப்பு தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. கோட்டை நின்றது, மீனவர் குப்பம் நிற்கவில்லை. அங்கே யாரோடு பழகினாலும் ஒருநாள் அந்தப் பேச்சு வரும். சுற்றுலாக்காரர்போல் நீங்களாக எடுக்காதீர்கள்.

பொறையார் பார்க்க ஒன்றும் இல்லாத ஊர். அதுதான் வசதி. பேருந்து நிலையம், சந்தை, கல்லூரி எல்லாம் இருக்கிறது. நாகப்பட்டினம், சிதம்பரம் பேருந்துகள் நின்று போகும். பெரிய ரயில் நிலையத்துக்கு மயிலாடுதுறை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காரைக்கால் அதில் பாதி தூரம்கூட இராது. அங்கே போகிறேன் என்றால் ஊரில் ஒரு மாதிரி சிரிப்பார்கள், புதுச்சேரி எல்லையல்லவா. திருக்கடையூரும் பக்கத்தில்தான். அறுபதாம் கல்யாண முகூர்த்தம் உள்ள நாளில் அந்த வழிப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காது, தங்க அறையும் கிடைக்காது.

நான் இப்போது பொறையாரிலிருந்து காலை ஆறு மணிக்கு சைக்கிளில் கிளம்பி, வாசலைக் கடந்து, கோட்டைச் சுவரோரம் கொஞ்சம் நின்றுவிட்டு, படகு வந்திருந்தால் மீனோ நண்டோ வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது மீன் விலை கையைச் சுடும்.

கானாடுகாத்தானையும் பழவேற்காட்டையும் ஒருகாலத்தில் யோசித்தேன். முதலாவதில் வீடு எனக்கு ரொம்பப் பெரிசு, இரண்டாவது சென்னைக்கு ரொம்பப் பக்கம்.

பார்க்க மட்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. குடியேறும் எண்ணம் இருந்தால் நவம்பரில் வந்து, உள்ளே ஒரு வாரம், பொறையாரில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். குடையோடு ஒரு டார்ச்சும் எடுத்து வாருங்கள், மழைக்கு முன்னால் கரண்ட் போய்விடும்.