பழைய வொர்க்ஸ்டேஷன், புதிய கர்னல்: வாசகர் கேள்விகள்

கேள்வி (புதுவயல்): பழைய சன் மெஷின் ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. எந்த டிரைவர் போடலாம்?

பதில்: எந்த மாடல், எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி)? மூன்றில் ஒன்றுகூட எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டர் மருந்து எழுதுவார்? கீபோர்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் ஓப்பன்பூட் (சன் மெஷினை எழுப்பும் உள் மென்பொருள்) தானாகவே சீரியல் போர்ட்டில் பேசும். வேகம் 9600. நல்-மோடம் (null modem) கேபிள் ஒன்று வாங்கி வேறு கணினியோடு மாட்டுங்கள். 'ஷோ-டெவ்ஸ்' அடித்தால் வருவதை அப்படியே அனுப்புங்கள். அப்புறம் டிரைவரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (செக்காலை, காரைக்குடி): ஸ்பார்க் (சன்னின் சிபியு) மெஷினுக்காக நானே ஒட்டுப்போட்ட ஃப்ரேம்பஃபர் (திரைப் படத்தை வைத்திருக்கும் மெமரி) டிரைவரில் படம் வருகிறது, நிறம்தான் தாறுமாறாக இருக்கிறது. சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டதா?

பதில்: நீங்கள் அனுப்பிய போட்டோ நல்ல போட்டோ. திரையில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு பச்சையாகவும், பச்சை சிவப்பாகவும் வந்திருக்கிறது. நீலப் பூ கறுத்துப்போயிருக்கிறது. வெள்ளைக் கரை மஞ்சளாக இருக்கிறது. சிவப்பும் நீலமும் மட்டும் மாறியிருந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்திருக்கும். இது பிக் எண்டியன் கோளாறு, அதாவது பைட்டுகளின் வரிசை தலைகீழாகிவிட்டது. சிபியு ஒரு பிக்சலை வெற்று பைட், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதுகிறது. கார்டோ நீலம், பச்சை, சிவப்பு, வெற்று பைட் என்று படிக்கிறது. வெற்று பைட்டில் இருக்கும் பூஜ்யம் நீலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளையில் நீலம் போனால் மிச்சம் மஞ்சள்தானே.

கார்டில் பைட் மாற்றும் ரெஜிஸ்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரேடியான் வகையில் உண்டு. இல்லையென்றால் நகலெடுக்கும் இடத்தில் மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றினால் பழைய கதைதான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கையோடு, உங்கள் கோடில் எங்காவது 4096 என்று நேரடியாக எழுதியிருக்கிறீர்களா என்றும் தேடுங்கள். பிசியில் 4096 பைட்டாக இருக்கும் மெமரிப் பக்கம் 64 பிட் ஸ்பார்க் லினக்ஸில் 8 கேபி.

கேள்வி (தேவகோட்டை): வீட்டின் இரண்டாம் கட்டில் அப்பச்சி வைத்திருந்த வொர்க்ஸ்டேஷன் இருபது வருடமாகச் சும்மா கிடக்கிறது. ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் ஆச்சி. முதலில் மூடியைத் திறந்து தூசியை எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் கொடுக்கும் முன் பவர் சப்ளையின் கெபாசிட்டர்களைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வேறு மெஷினில் முழு நகல் எடுத்துவிடுங்கள். அப்பச்சியின் வரைபடங்கள் அதில்தான் இருக்கும். மெஷின் எப்போது வேண்டுமானாலும் ஓடிக்கொள்ளட்டும்.

கேள்வி (பள்ளத்தூர்): பிசியில் இருந்த ரேடியான் கார்டைச் சன் அல்ட்ரா 60-ல் மாட்டலாமா?

பதில்: ஸ்லாட் பொருந்தினால் மாட்டலாம். ஆனால் அதன் ரோமில் (ROM) இருப்பது பிசி சிபியுவுக்கான எக்ஸ்86 கோடு, ஓப்பன்பூட்டுக்குத் தெரிந்தது எஃப்கோடு என்ற வேறு மொழி. கர்னல் எழுந்து கார்டை எழுப்பும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் சீரியல் கேபிள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். வம்பே வேண்டாமென்றால் எக்ஸ்விஆர்-100 தேடுங்கள். அது சன்னுக்கென்றே எஃப்கோடு ஏற்றி வந்த ரேடியான் 7000.

கேள்வி (கானாடுகாத்தான்): என் ரேஜ் 128 கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே இருக்கிறது. அதன் டிரைவரை லினக்ஸிலிருந்து தூக்கிவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி மாதா மாதம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 2023-ல் 6.3 கர்னலில் உங்கள் கார்டின் ஆர்128, எம்ஜிஏ, சாவேஜ், டிடிஎஃப்எக்ஸ் என்று ஏழு பழைய டிஆர்ஐ1 (முப்பரிமாணத்துக்கான பழைய முறை) டிரைவர்களை எடுத்தார்கள். சரி. ஆனால் அவற்றுக்கு ஜோடியான முப்பரிமாண டிரைவர்களை மெசா என்ற முப்பரிமாண நூலகம் எப்போது எடுத்தது தெரியுமா? 2012-ல், 8.0 பதிப்பில். கர்னலில் இருந்த பாதி பதினோரு வருடம் தனியாகக் கிடந்திருக்கிறது. சாவி தொலைந்த பூட்டு அது. இடையில் உங்கள் கார்டில் ஒரு தடவையாவது புதிய மெசாவை ஓட்டிப் பார்த்தீர்களா?

நம் ஊர்ப்பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டில் ஒரு ஓடு விலகினால் அன்றைக்கே கண்ணில் படும். பூட்டிப்போட்ட வீட்டில் மூன்று மழைக்குப் பிறகு உத்தரம் இறங்கிய பின்தான் தெரியும். டிரைவரும் அப்படித்தான். கர்னல் எழுதுபவர்கள் உள்ளே எதை மாற்றினாலும் எல்லா டிரைவரையும் கூடவே மாற்றுகிறார்கள். பழைய கார்டுக்கு அவர்கள் செய்த மாற்றம் கம்பைல் ஆகும், ஓடுமா என்று பார்க்க அவர்களிடம் கார்டு இல்லை. கார்டு உங்கள் அலமாரியில் இருக்கிறது. உடைந்தது என்று யாரும் எழுதாவிட்டால், பயன்படுத்துவோர் இல்லை என்றுதான் அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு கல்லூரி தன் வொர்க்ஸ்டேஷன்களை எடைக்குப் போட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது போர்டுகளைச் செம்புக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து என்னிடம் இருக்கும் ஒவ்வொரு கார்டையும் ஒவ்வொரு புதிய கர்னலிலும் ஓட்டிப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஐந்தாறு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயங்காலம். அவ்வளவுதான் செலவு.

இப்போது உங்களுக்கு என்ன வழி? ஏடிஒய்128எஃப்பி என்ற எளிய ஃப்ரேம்பஃபர் டிரைவர் இருப்பதால் கன்சோல் (எழுத்துத் திரை) வரும், ஜன்னல்களைக் காட்டும் எக்ஸும் அதன்மேல் மெதுவாக ஓடும். அதற்குமேல் வேண்டுமென்றால் கேஎம்எஸ் (திரையைக் கர்னலே அமைக்கும் முறை) டிரைவர் ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். கர்னலில் உள்ள சிரஸ் டிரைவரை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் வரிக்குள் அடங்கும். படத்தைச் சாதாரண மெமரியில் வரைந்து, மாறிய பகுதியை மட்டும் கார்டுக்கு நகலெடுக்கும் முறை அது. ரெஜிஸ்டர் விவரங்களை ஏடிஒய்128எஃப்பியிலிருந்தே எடுக்கலாம். எழுத முன்வந்தால் என் கார்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல நான் இருக்கிறேன்.

கேள்வி (கோட்டையூர்): எக்ஸ்விஆர்-100-ல் முப்பரிமாணம் முன்பு வந்தது, மெசாவைப் புதுப்பித்ததும் போய்விட்டது.

பதில்: 2022-ல் மெசா 22.0 பழைய ரேடியான் டிரைவர்களை விலக்கியது. அவற்றை வைத்திருக்கும் மெசாவின் ஆம்பர் கிளையை நிறுவுங்கள். கர்னல் பதிவில் 'ஆர்100_சிபி.பின்' ஏற்ற முடியவில்லை என்று இருந்தால் முதலில் அந்த ஃபர்ம்வேர் கோப்பைப் போடுங்கள். அது இல்லாமல் படம் வரும், வேகம் வராது.

கேள்வி (காரைக்குடி): எஸ்ஜிஐ ஓ2 வொர்க்ஸ்டேஷனில் லினக்ஸ் போட்டால் முப்பரிமாணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. லினக்ஸில் அதற்கு வெறும் ஃப்ரேம்பஃபர்தான். முப்பரிமாணம் வேண்டுமென்றால் அதன் சொந்த இயங்குதளமான ஐரிக்ஸை அழிக்காதீர்கள்.

கேள்வி (குன்றக்குடி): எந்த மாற்றத்தில் டிரைவர் உடைந்தது என்று கண்டுபிடிக்க, அல்ட்ரா 5-லேயே கர்னலைக் கம்பைல் செய்கிறேன். நாள் கணக்கில் ஆகிறது.

பதில்: ஆகாமல் என்ன செய்யும்? உங்கள் லேப்டாப்பில் கிராஸ் கம்பைலர் (வேறு சிபியுவுக்காகக் கம்பைல் செய்வது) போட்டுச் செய்யுங்கள், தேவையான பகுதிகள் மட்டுமென்றால் பத்துப் பதினைந்து நிமிடம். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே சுமார் பதினையாயிரம் மாற்றம் இருக்கும். கிட் பைசெக்டில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு சுற்றில் பிடித்துவிடலாம். சீரியல் கேபிளை மாட்டி, ஒவ்வொரு சுற்றின் பதிவையும் சேமித்து வையுங்கள். பிடித்ததும் எனக்கு எழுதும் முன் அந்த டிரைவரின் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள்.